தருமபுரி, கிருஷ்ணகிரியில் உணவு எழுதுபவர்களைச் சேர்க்கிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

சாப்பாட்டைப் பற்றி எழுதும் ஆசை இப்போது நம் பக்கத்தில் நிறையப் பேருக்கு வந்திருக்கிறது. களி கிண்டுவதை வீடியோ எடுப்பவர்கள், பாட்டி சொன்ன சாமைச் சோற்றுப் பக்குவத்தை நோட்டில் எழுதி வைப்பவர்கள், ஒகேனக்கல் மீன் வறுவலைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதக்கூடியவர்கள் என்று ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். இவர்களை வாட்ஸ்அப்பிலோ டெலிகிராமிலோ ஓரிடத்தில் சேர்த்து, ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்துத் திருத்தி, நம் மண்ணின் சாப்பாட்டுக்கு ஒரு நல்ல பதிவை உண்டாக்கலாம் என்று யாராவது ஒருவர் கிளம்புகிறார். நல்ல வேலை, அவசியமான வேலையும்கூட. ஆனால் இப்படித் தொடங்கும் குழுக்களில் பல, சீக்கிரமே பேச்சுமூச்சு இல்லாமல் போய்விடுகின்றன.

எழுத ஆள் கிடைக்காததால் அவை நிற்பதில்லை. இந்த வேலையில் இரண்டு தரப்பினர் காசு வாங்காமல் உழைக்கிறார்கள். ஒரு பக்கம் குழுவை நடத்திக் கொடுக்கும் தன்னார்வலர்கள், இன்னொரு பக்கம் தங்கள் கைப்பக்குவத்தைச் சொல்லித் தரும் அம்மாக்களும் பாட்டிகளும். இவர்களின் உழைப்பைச் சும்மா கிடைத்ததாக நினைத்துவிடுவதில்தான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன.

முதலில் ஆள் சேர்ப்பது. ஒரு வாட்ஸ்அப் குழுவில் 1,024 பேர் வரை சேர்க்கலாம் என்பதற்காகப் போனில் இருக்கும் எண்களையெல்லாம் அள்ளிப் போடாதீர்கள். ஒரே வாரத்தில் காலை வணக்கப் படங்களும் ஓசூர் வீட்டுமனை விளம்பரங்களும் குழுவை நிறைத்துவிடும். எழுத வந்தவர் மியூட் செய்துவிட்டுப் போய்விடுவார். உண்மையிலேயே எழுதுகிற பத்துப் பன்னிரண்டு பேர் போதும். அவர்கள் ஒரே ஊர்க்காரர்களாக, ஒரே பழக்கம் உள்ளவர்களாக இருக்க வேண்டாம். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் கன்னடமோ தெலுங்கோ பேசுகிறவர், சித்தேரி மலைக்காரர், பாலக்கோட்டில் தக்காளி பயிரிடும் விவசாயி, ஊத்தங்கரையில் மெஸ் நடத்துபவர் என்று கலந்திருந்தால் பேச்சு தானாகவே களைகட்டும். எல்லோர் வீட்டிலும் கேழ்வரகுக் களிதான். ஆனால் தொட்டுக்கொள்ள ஒரு வீட்டில் கீரைக் கடைசல், இன்னொரு வீட்டில் கருவாட்டுக் குழம்பு, தளிப் பக்கம் போனால் காய் வேகவைத்த தண்ணீரை வடித்துச் செய்யும் பஸ்ஸாறு. கிருஷ்ணகிரி 2004-இல்தான் தருமபுரியிலிருந்து தனி மாவட்டமாகப் பிரிந்தது. சமையலைப் பொறுத்தவரை அந்த எல்லைக்கு அர்த்தமில்லை, ஆகவே மாவட்டத்துக்கு ஒரு குழு என்று ஆரம்பத்திலேயே பிரித்துவிடாதீர்கள்.

அடுத்தது, “விருப்பமுள்ளவர்கள் உதவலாம்” என்று பொதுவாகக் கேட்டுவிட்டு உட்கார்ந்திருப்பது. ஆளுக்கொரு கட்டைவிரலைப் போட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்பார்கள். கடைசியில் மொத்தப் பாரமும், முடியாது என்று சொல்லத் தெரியாத ஒருவர் தலையில் விழும். பெரும்பாலும் அது ஒரு பெண்ணாக இருப்பார், வீட்டு வேலை முடிந்து இரவு பதினொரு மணிக்குக் குழு வேலையைத் தொடங்குவார். வேலையைப் பிரித்து, பெயர் வைத்து, அளவு சொல்லிக் கேளுங்கள். புதிதாக வருபவரை வரவேற்று விதிகளைச் சொல்ல ஒருவர், வாய்ஸ் நோட்டாக வருவதைத் தட்டச்சு செய்ய இருவர், பிழை பார்க்க ஒருவர், செய்முறையைத் தன் வீட்டு அடுப்பில் ஒருமுறை செய்து பார்க்க இருவர், படங்களைப் பத்திரப்படுத்த ஒருவர். வாரத்துக்கு இரண்டு மணி நேரம், மொத்தம் மூன்று மாதம் என்று சொல்லிக் கேட்டால் தயங்குகிறவர்கள்கூட ஒத்துக்கொள்வார்கள். எப்போது முடியும் என்று தெரியாத வேலைக்கு யாரும் மனதார வரமாட்டார்கள். வந்தாலும் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுவார்கள்.

ஊரின் காலக்கணக்கைப் பார்க்காமல் வேலை கொடுப்பதும் இதே வகைதான். மார்ச், ஏப்ரலில் பள்ளி ஆசிரியர்களுக்குத் தேர்வு வேலை. மே முதல் ஜூலை வரை கிருஷ்ணகிரிப் பக்கம் மாந்தோப்பு வைத்திருப்பவருக்கு மூச்சுவிட நேரமிருக்காது. பெங்களூரா காயை அறுத்து, லாரி பிடித்து, மாங்கூழ் ஆலைக்கு ஏற்றிவிட்டு வருபவரிடம் “கட்டுரை என்ன ஆச்சு” என்று கேட்பது நியாயமில்லை. ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கலில் கூட்டம் அலைமோதும்போது, மீன் சமைத்துக் கொடுக்கும் அக்காவைப் பேட்டி எடுக்கத் தன்னார்வலரை அனுப்பாதீர்கள். அந்தச் சில நாள் வருமானம் அவருக்கு முக்கியம். கூட்டம் குறைந்த ஒரு வார நாளில் போனால் உட்கார்ந்து பேசுவார். அப்படிப் போய்வருகிறவருக்கு பஸ் காசையும் சாப்பாட்டுச் செலவையும் குழு கொடுத்துவிட வேண்டும். நேரத்தை இலவசமாகத் தருபவர் கைக்காசையும் போட வேண்டும் என்று எதிர்பார்த்தால், வசதியுள்ளவர்கள் மட்டுமே தன்னார்வலர்களாக மிஞ்சுவார்கள்.

திருத்தும் வேலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும், இங்கேதான் அதிகச் சேதம் நடக்கிறது. “ஒரு கப் மாவு, இரண்டரைக் கப் தண்ணீர், பத்து நிமிடம் கிளறவும்” என்று எந்த ஊர்க்காரரும் எழுதிவிடலாம். பென்னாகரம் பக்கத்து அடுப்படியில் நடப்பது வேறு. நொய்யைக் குழைய வேகவிட்டு, அதன் மேல் கேழ்வரகு மாவைக் குவித்துக் கொட்டுவார்கள். உடனே கிண்டமாட்டார்கள். நடுவில் களிக்கோலால் குழி போட்டு, மூடி, தீயைத் தணித்து, மாவை ஆவியிலேயே வேகவிடுவார்கள். அப்புறம்தான் பாத்திரம் நகராமல் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கட்டி விழாமல் கிண்டுவது. வெந்துவிட்டதா என்று பார்க்க, கையைத் தண்ணீரில் நனைத்துக் களியைத் தொடுவார்கள். விரலில் ஒட்டினால் இன்னும் வேக வேண்டும். இப்படிப்பட்ட தகவல்களைத்தான் திருத்துபவர் “தேவையில்லாத விவரம்” என்று முதலில் வெட்டுகிறார். பதிவின் உயிரே அதில்தான் இருக்கிறது.

திருத்துபவரின் முதல் வேலை வெட்டுவதாக இருக்கக் கூடாது, கேள்வி கேட்பதாக இருக்க வேண்டும். எந்தக் கீரை? அவரைக்காய்க் காலத்தில் செய்யும் பிதுக்கம் பருப்புக் குழம்புக்குப் பருப்பை எவ்வளவு நேரம் ஊறவைத்துத் தோல் பிதுக்கினீர்கள்? புளி இந்த வருடத்துப் புதுப் புளியா, பழசா? ஆழாக்கு, படி என்று சொன்னால் அதை அப்படியே வைத்துவிட்டு, பக்கத்தில் கிராம் கணக்கையும் சேர்த்தால் சரி. எழுத வராதவர் வாய்ஸ் நோட்டில் சொல்லட்டும். அவர் பேசிய நடையிலேயே தட்டச்சு செய்து, பிரசுரிக்கும் முன் அவருக்குப் படித்துக் காட்டுங்கள். “நான் இப்படிச் சொல்லலையே கண்ணு” என்று அவர் சொன்னால் மாற்றிவிட வேண்டும்.

பெயர் போடாமல் விடுவது எல்லாவற்றிலும் மோசமான தவறு. கிராமத்தில் ஒரு பாட்டி வீட்டில் களியும் குழம்பும் சாப்பிட்டு, அவர் சொன்னதைக் குறித்துக்கொண்டு வந்து, தன் பெயரில் போட்டுக்கொள்ளும் பழக்கம் பரவலாக இருக்கிறது. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் எழுதிய நடைக்கும் எடுத்த படத்துக்கும் பாதுகாப்புத் தருகிறதே தவிர, என்னென்ன பொருள், எவ்வளவு என்ற வெறும் பட்டியலுக்குத் தருவதில்லை. அதாவது சமையல் சொன்ன பாட்டிக்குச் சட்டம் துணைக்கு வராது, எழுதியவருக்குத்தான் வரும். அதனாலேயே குழுவின் விதி சட்டத்தைவிடக் கண்டிப்பாக இருக்க வேண்டும். கேட்டு எழுதுங்கள். பெயர், ஊர், படம் மூன்றில் எதைப் போடலாம் என்று அவரிடமே கேளுங்கள். வந்த பிறகு அவர் வீட்டுப் பிள்ளைகள் யாருடைய போனிலாவது அவருக்குக் காட்டுங்கள். வத்தல்மலை, சித்தேரி போன்ற மலை ஊர்களில் தேன், கிழங்கு, காட்டுக்கீரை எடுக்கும் இடத்தைத் துல்லியமாக எழுதவே எழுதாதீர்கள். வெளியாட்கள் கூட்டமாகப் போய் அள்ளினால், அதை நம்பியிருப்பவர்களுக்கு ஒன்றும் மிஞ்சாது.

உடல்நலம் பற்றிய வரிகளை யாரும் சரிபார்க்காமல் விடுவது ஆபத்து. பிறந்த குழந்தைக்கு நாக்கில் தேன் தடவும் வழக்கத்தைப் பாசத்தோடு எழுதி அனுப்புவார்கள். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது, பொட்டுலிசம் என்ற கடுமையான நச்சு நோய் வர வாய்ப்புண்டு. மரவள்ளிக்கிழங்கில் சயனைடை உண்டாக்கும் பொருள் இருப்பதால் பச்சையாகத் தின்னக் கூடாது, தோல் சீவி நன்றாக வேகவைக்க வேண்டும். காட்டுக் காளானைப் படம் பார்த்து அடையாளம் கண்டுபிடிப்பது எப்படி என்ற பதிவே வேண்டாம். 2023-ஐ ஐ.நா. சர்வதேசச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடிய பிறகு, கேழ்வரகு சர்க்கரை நோயை விரட்டிவிடும் என்றெல்லாம் எழுதுவது கூடிவிட்டது. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. இந்த உண்மையே அதற்குப் போதுமான பெருமை. நோய், மருந்து, குழந்தை என்ற சொற்கள் வரும் எந்தப் பதிவையும் விவரம் தெரிந்த இருவர் பார்க்காமல் வெளியிடுவதில்லை என்று விதி வையுங்கள். ஒருவர் செவிலியராகவோ உணவியல் படித்தவராகவோ இருந்தால் நல்லது.

குழு கொஞ்சம் பெயர் வாங்கியதும் ஓட்டல்காரர்கள் இலவசச் சாப்பாட்டுக்கு அழைப்பார்கள். போகலாம். ஆனால் இலவசமாகச் சாப்பிட்டதை எழுத்தில் சொல்லாமல் மறைக்கக் கூடாது. பணமோ பரிசோ இலவசமோ பெற்றுக்கொண்டு பரிந்துரைப்பவர் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க முடியும். விளம்பரத்தில் காசு வந்தால் வரவு செலவை மாதாமாதம் எல்லோருக்கும் காட்டிவிடுங்கள். தன்னார்வலர்கள் மனக்கசப்போடு விலகுவது பெரும்பாலும் பணம் இல்லாத காலத்தில் நடப்பதில்லை, கணக்கு தெரியாத கொஞ்சம் பணம் வந்த பிறகுதான் நடக்கிறது.

சாப்பாட்டைப் பற்றிப் பேசினால் சாதி உள்ளே வரும். யார் எதைத் தின்பார்கள், யார் வீட்டில் தண்ணீர் குடிப்பார்கள் என்ற பேச்சு நம் ஊர்களில் இன்னும் புண்படுத்தத்தான் செய்கிறது. பன்றிக்கறி, மாட்டுக்கறி, நத்தை, ஈசல் எதை எழுதினாலும் முகம் சுளிக்கும் ஒரு வரியைக்கூட அனுமதிப்பதில்லை என்று முதல் நாளே எழுதி வையுங்கள். சண்டை வந்த பிறகு விதி எழுதினால் அது யாரோ ஒருவருக்கு எதிராக எழுதியதாகவே தெரியும். பெண்களின் எண்ணுக்குத் தனியாக மெசேஜ் அனுப்பித் தொல்லை கொடுப்பவரை ஒரே எச்சரிக்கையில், தேவைப்பட்டால் அதுவும் இல்லாமல், நீக்குங்கள். நிர்வாகிகளில் பாதிப் பேராவது பெண்களாக இருந்தால்தான் இதைப் பற்றிப் புகார் வரும். வாட்ஸ்அப் கம்யூனிட்டியின் அறிவிப்புக் குழுவில் உறுப்பினர்களின் எண் மற்ற உறுப்பினர்களுக்குத் தெரியாது என்பதால் பெரிய கூட்டத்துக்கு அது பொருத்தம்.

கடைசியாக, எல்லாமே ஒருவர் போனில் இருப்பது. போன் தொலைந்தால் படங்களும் குரல் பதிவுகளும் போய்விடும். பதிவு செய்த பாட்டி இல்லாமல் போயிருந்தால் திரும்ப எடுக்கவும் முடியாது. குறைந்தது மூன்று நிர்வாகிகள் வேண்டும். படங்களைச் சாதாரணமாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும், டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். அவற்றைக் கூகுள் டிரைவிலும் ஒரு ஹார்டு டிஸ்கிலும் ஊர், சொன்னவர் பெயர், தேதி போட்டுச் சேமியுங்கள். ஒரு தன்னார்வலரின் மூன்று மாதம் முடியும்போது, அடுத்து வருபவரை இரண்டு வாரம் அவரோடு சேர்ந்து வேலை பார்க்க வையுங்கள். பாஸ்வேர்டு, பாதியில் நிற்கும் பேட்டிகள், யாரிடம் என்ன அனுமதி வாங்கியிருக்கிறது என்ற பட்டியல் மூன்றும் கைமாற வேண்டும். யாருக்கு இன்னும் படித்துக் காட்டவில்லை என்பதையும் அந்தப் பட்டியலிலேயே எழுதச் சொல்லுங்கள்.