சிற்றூர் கோல்ஃப் மைதானத்துக்குப் போகும் முன்

முதலில் தொலைபேசியில் அழைத்து, கிரீன்களில் (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரைகளில்) அண்மையில் துளையிட்டார்களா என்று கேளுங்கள். வேருக்குக் காற்று போகத் துளையிட்டு மணல் தூவிய புல்லில் பந்து சீராக உருளாது. ஒருமுறை கேட்காமல் போய், ஒவ்வொரு கிரீனிலும் நொந்துபோனேன். போட்டி நடக்கும் நாளா என்றும் விசாரித்துவிடுங்கள்.

இத்தகைய மைதானங்கள் பலவற்றில் 9 குழிகள்தான். ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆகும்; 18 வேண்டுமானால் அதே சுற்றை மறுபடி ஆடலாம், எனக்கு அதுவே பிடிக்கும். விதிப்படி 14 மட்டைகள் வரை கொண்டு போகலாம்; நடந்து ஆடுகிறவருக்கு ஏழு தாராளம்.

தொலைந்த பந்தை 3 நிமிடங்களுக்கு மேல் தேடக் கூடாது. 2019 முதல் விதியே அதுதான். கிரீனில் உங்கள் பந்து விழுந்து பதித்த பள்ளத்தை நீங்களே சரிசெய்யுங்கள். சிறிய மைதானத்தில் புல்லைப் பார்த்துக்கொள்ளும் கைகள் மிகக் குறைவு.