மாலிக்யூல் படத்த பாத்து வாசனைய கணிக்கிறது எப்படி

ஆர்கானிக் கெமிஸ்ட்ரி படிக்கிறவங்க இத கண்டிப்பா மூக்கால படிக்கணும். மயிலாப்பூர் மாட வீதி பக்கம் போனா தேவையானது எல்லாம் கிடைச்சிடும், ஒரு கட்டு புதினா, ஒரு முழம் மல்லி, நாட்டு மருந்து கடைல கிராம்பும் சதகுப்பையும்.

மொதல்ல அந்தப் பொருள் ஆவியாகுமான்னு பாருங்க. உப்பு, சக்கரைக்கு வாசனை இல்லாததுக்கு காரணமே இதான். மாலிக்யூலர் வெயிட் 300ஐ தாண்டிட்டா பெரும்பாலும் மூக்குக்கு எட்டாது.

அடுத்து ஃபங்ஷனல் குரூப், அதாவது மாலிக்யூலோட குணத்த தீர்மானிக்கிற அணுக் கூட்டம். எத்தனால்ல ஆக்சிஜன எடுத்துட்டு அந்த எடத்துல சல்ஃபர் போட்டா எத்தில் மெர்காப்டன், சிலிண்டர் கேஸ் லீக் ஆனா தெரியணும்னு கலக்குறாங்களே அந்த நாத்தம்தான். பியூட்ரிக் ஆசிட் வாந்தி மாதிரி அடிக்கும், அதையே எத்தனாலோட சேத்து எஸ்டர் ஆக்கிட்டா அன்னாசிப்பழ வாசனை! கிராம்போட யூஜினாலையும் வெனிலா வாசனை தர்ற வெனிலினையும் பக்கத்து பக்கத்துல வரைஞ்சு பாருங்க, வளையத்துல ஓஹெச்சும் (OH) மெத்தாக்ஸியும் (OCH3) அப்படியே இருக்கும், வால் மட்டும்தான் வேற.

இப்போ எனக்கு ரொம்ப பிடிச்ச எடம். புதினா இலைய கசக்கி மோந்து பாருங்க, கொஞ்சம் வெளிய போய் காத்து வாங்கிட்டு வந்து சதகுப்பைய நுணுக்கி மோந்து பாருங்க. ரெண்டுலயும் கார்வோன் இருக்கு, 10 கார்பன், 14 ஹைட்ரஜன், 1 ஆக்சிஜன், அணுக்கள் கோத்திருக்கிற வரிசையும் ஒண்ணுதான், ஆனா ஒண்ணு இன்னொண்ணோட கண்ணாடி பிம்பம், இடது கால் செருப்பும் வலது கால் செருப்பும் போல. நம்ம மூக்குல வாசனைய உணர்ற ரிசெப்டார் சுமார் 400 வகை இருக்கு, அதுங்களும் புரோட்டீன்தானே, அதுக்கும் இடம் வலம் உண்டு, அதான் ரெண்டையும் பிரிச்சு சொல்லுது. ஒரு மாலிக்யூல் பல ரிசெப்டார தட்டும், எந்தெந்த ரிசெப்டார் சேந்து தட்டுப்படுதோ அதுதான் வாசனையா மூளைக்கு போகுது. இந்த ரிசெப்டார் ஜீன் குடும்பத்த லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்சல் ரெண்டு பேரும் 1991ல கண்டுபிடிச்சாங்க, 2004ல நோபல் கிடைச்சுது.

ஆனா படத்த மட்டும் நம்பாதீங்க. மல்லில இண்டோல்னு ஒரு மாலிக்யூல் இருக்கு, துளியூண்டு இருந்தா பூ வாசனை, அதிகமானா மல நாத்தம், கட்டமைப்பு ஒரு துளிகூட மாறல. அதனால ஒவ்வொண்ணையும் மோந்து பாக்குறதுக்கு முன்னாடியே கணிப்ப நோட்ல எழுதிடுங்க, பக்கத்துலயே எவ்ளோ அடர்த்தின்னும் குறிச்சு வெச்சுக்கோங்க.