உவர்மலை வளவில் குரோக்கே: போட்டிக்கு ஆடப் பழகுவது எப்படி

குரோக்கே என்பது மரமட்டையால் பந்தை அடித்து, நிலத்தில் ஊன்றிய இரும்பு வளையங்களுக்குள் நுழைக்கிற ஆட்டம். முதலில் வளவை அளந்து பாருங்கள். குரோக்கேயின் முழு ஆடுகளம் 35 யார் (கெஜம்) நீளம், 28 யார் அகலம். திருகோணமலை நகருக்குள் அவ்வளவு வெறும் நிலம் யாரிடம் இருக்கிறது? கவலை வேண்டாம். அந்தக் களம் முழுவதும் 7 யார் என்ற ஒரே அலகில் அமைந்தது: நீளம் ஐந்து அலகு, அகலம் நான்கு அலகு. அலகைச் சுருக்கினால் களமும் வடிவம் கெடாமல் சுருங்கும். உவர்மலையில் எங்கள் வளவில் ஒரு அலகு 4 யார்; ஆகவே களம் 20க்கு 16. நான்கு மூலைகளிலும் இருக்கும் வளையங்கள் இரண்டு பக்கக் கோடுகளிலிருந்தும் ஒவ்வொரு அலகு உள்ளே நிற்கும். நட்டநடுவில் ஒரு கம்பு. கம்புக்குத் தெற்கே ஒரு அலகில் ஐந்தாம் வளையம், வடக்கே ஒரு அலகில் ஆறாம் வளையம். கயிறும் முளையும் இருந்தால் ஒரு பின்னேரத்துக்குள் அளந்து முடித்துவிடலாம்.

வளையத்துக்கு வெல்டிங் கடைக்குப் போங்கள். 16 மில்லிமீற்றர் இரும்புக் கம்பி, அதுவும் முறுக்கில்லாத வழவழப்பான கம்பி, உண்மையான வளையத்தின் தடிப்புக்குச் சரியாக வரும். நிலத்துக்கு மேல் 12 அங்குலம் நிற்கவேண்டும். எங்கள் மணற்பாங்கான மண்ணில் கீழே இன்னும் ஒரு அடியாவது இறங்கட்டும். இடைவெளியில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். பந்தின் விட்டம் 3 5/8 அங்குலம்; இரண்டு கால்களுக்கும் நடுவே 3 3/4 அங்குலம் விடச் சொல்லுங்கள். "அக்கா, பந்து இறுகிப் போகுமே" என்பார் கடைக்காரர். இறுகத்தான் வேண்டும். பெரிய போட்டிகளில் பந்துக்கு மேலதிகமாக 1/32 அங்குலம் மட்டுமே விடுவார்கள். இந்த ஆட்டத்தின் கண்டிப்பும் அழகும் அந்த இடுக்கில்தான் இருக்கின்றன.

மட்டையின் தலைக்குப் பாலை மரம் நல்லது. கனமானது, கடினமானது. 10 அங்குல நீளம், இரண்டேகால் அங்குலச் சதுர முகம், மூன்றடிக் கைப்பிடி. எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 3 இறாத்தல் வரும். இரண்டு முகங்களும் ஒரே மாதிரி இருக்கவேண்டும் என்று தச்சரிடம் அழுத்திச் சொல்லுங்கள். பந்துகளை மட்டும் இங்கிலாந்திலிருந்து அண்ணன் கொண்டுவந்து தந்தார். ஒவ்வொன்றும் 1 இறாத்தல்.

நான் வேலைசெய்த காலத்தில் இங்கிலாந்தில்தான் இந்த ஆட்டத்தைப் பழகினேன். அங்கே இரண்டு வகை ஆடுவார்கள். ஒன்றில், உங்கள் பந்து இன்னொரு பந்தைத் தொட்டால் மேலும் இரண்டு அடிகள் கிடைக்கும். தேர்ந்தவர் களத்தை வெகுநேரம் தன் கையிலேயே வைத்திருப்பார், எதிராளி கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பார். ஆழமான ஆட்டம்தான், ஆனால் அதைப் பிறகு பழகலாம். மற்ற வகையான கோல்ஃப் குரோக்கேயில் தொடங்குங்கள். முறைக்கு ஒரே அடி. நீலம், சிவப்பு, கறுப்பு, மஞ்சள் என்ற வரிசை ஆட்டம் முடியும்வரை மாறாது. நீலமும் கறுப்பும் ஒரு பக்கம், சிவப்பும் மஞ்சளும் மறுபக்கம். எல்லோரும் ஒரே வளையத்துக்கே முயல்வார்கள். முதலில் நுழைந்த பந்துக்கு ஒரு புள்ளி. உடனே எல்லோரும் அடுத்த வளையத்துக்குத் திரும்பவேண்டும். 13 புள்ளிகளில் 7ஐ முதலில் எடுத்த பக்கம் வெல்லும்.

கரம் (கேரம்) ஆடி வளர்ந்த எங்கள் பிள்ளைகளுக்குப் பந்தை வெட்டித் தள்ளுவது எப்படி என்று சொல்லித்தரத் தேவையே இருக்கவில்லை. ஆனால் கரத்தில் காய் விழுந்தால் கை தொடரும். இங்கே ஒரு அடி அடித்ததும் எதிராளியின் முறை. அதனால் "என்னால் என்ன அடிக்க முடியும்" என்ற கேள்வியை ஒதுக்கிவிட்டு "எனக்குப் பின் வருபவர் என்ன செய்வார்" என்று கேட்கப் பழகவேண்டும். போட்டியில் வெல்வதும் தோற்பதும் இந்தக் கேள்வியில்தான். வளையத்துக்குள் அழகாக அடிக்கிற எத்தனையோ பேர் இதைக் கேட்காததால் தோற்பதைப் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் நீலம் என்று வைத்துக்கொள்வோம். வளையத்தின் வாயில் சிவப்பு நிற்கிறது. அடுத்த முறை சிவப்புக்கு. விட்டால் புள்ளி போய்விடும். அதை அடித்து அகற்றுவதைத் தவிர வேறு யோசனை வேண்டாம். அகற்றும்போதும் போகிற இடத்தைப் பாருங்கள். அது உடனே ஆடப்போகிற பந்து. எல்லைக் கோட்டு ஓரமாக, இன்னொரு வளையத்தின் பின்னால் மறைந்து நின்றால் அதன் அடுத்த அடி வீண்.

இப்போது வாயில் நிற்பது மஞ்சள் என்று வையுங்கள். பார்வைக்கு அதே ஆபத்துத்தான். ஆனால் மஞ்சளின் முறைக்கு முன்னால் உங்கள் கூட்டாளி கறுப்பு ஆடுவார். கறுப்பு பக்கத்திலே, மஞ்சளை நேராகப் பார்க்கும் இடத்தில் நின்றால் நீங்கள் மஞ்சளைத் தொடவேண்டாம். உங்கள் பந்தையும் வளையத்தின் முன் கொண்டுபோய் நிறுத்துங்கள். சிவப்பு உங்களை அகற்றப் பார்க்கும். அந்த அடியை அதற்குச் செலவழித்ததும் கறுப்பு மஞ்சளை அகற்றிவிடும். கறுப்பு தூரத்து மூலையில் கிடந்தால் மட்டும் அந்த வேலையை நீங்களே செய்யுங்கள். என் மருமகள் இந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்ட நாளிலிருந்து அவளை வெல்ல எல்லோருக்கும் கஷ்டமாகிவிட்டது. அவளுக்கு வயது பன்னிரண்டு.

வளையத்தைக் கைவிடவும் தெரியவேண்டும். எதிராளியின் பந்து ஒரு சாண் தூரத்தில் நேரே நிற்கிறது, உங்களால் தடுக்க முடியாது என்றால் அடுத்த வளையத்தை நோக்கிப் போங்கள். பாதி வழிக்கு அப்பால் மட்டும் போகாதீர்கள். புள்ளி விழும்போது நீங்களாகவே பாதிக் கோட்டைத் தாண்டி நின்றால், எதிராளி கேட்டுக்கொண்டால் உங்கள் பந்து பக்கக் கோட்டின் நடுவுக்குப் போய்விடும். எதிராளி அடித்துத் தள்ளியதால் அங்கே போன பந்துக்கு இது பொருந்தாது.

அடிக்கும் முறைக்கு வருகிறேன். பந்துக்கு நாலைந்து எட்டுப் பின்னால் நின்று குறியைப் பாருங்கள். அந்தக் கோட்டிலேயே நடந்து வந்து நில்லுங்கள். மட்டையை மெதுவாகப் பின்னே கொண்டுபோய், அதன் பாரமே பந்தை அடிக்கும்படி விடுங்கள். தோளால் வீசவேண்டும், மணிக்கட்டு மடியக்கூடாது. பந்து புறப்படும்வரை தலையைத் தூக்காதீர்கள். பெரும்பாலோர் மட்டையைக் கால்களுக்கு நடுவே வீசுவார்கள். எங்கள் சின்னம்மா சேலையோடு ஆடுவதால் பக்கவாட்டில் வீசுகிறார். 19ஆம் நூற்றாண்டில் நீண்ட பாவாடை உடுத்த ஆங்கிலப் பெண்களும் அப்படித்தான் அடித்தார்கள். விதிக்கு இரண்டும் சம்மதம், சின்னம்மாவின் குறியும் தப்புவதில்லை.

வளையத்துக்குச் சரிவாக நிற்கும்போது நடுவைக் குறிபார்த்தால் பந்தின் ஓரம் கிட்டக் காலில் தட்டிவிடும். தூரக் காலின் உட்பக்கத்தைக் குறிபாருங்கள். பந்து கிட்டக் காலை மயிரிழையில் தாண்டி, தூரக் காலில் உரசி, உருண்டு உள்ளே போகும். வேகமாக அடிக்கவேண்டாம். உருண்டு வருகிற பந்து கம்பியில் பட்டாலும் முன்னுக்கு ஏறும். வழுக்கி வருகிற பந்து பட்ட இடத்திலேயே சோர்ந்துவிடும். ஒரு பந்தை ஐம்பது தரம் இப்படி ஒரே கோணத்தில் அடித்துப் பழகுங்கள். கம்பியின் சத்தத்தைக் கேட்டே உள்ளே போகுமா என்று சொல்லத் தொடங்குவீர்கள்.

அகற்றும் அடியில் ஒரு நுணுக்கம். எதிராளியின் பந்து கிட்டத்தில் இருந்தால் மட்டையின் முன்நுனியைச் சற்றுத் தூக்கி, சுருக்கென்று அடித்து நிறுத்துங்கள். அவருடைய பந்து ஓடும், உங்கள் பந்து அவருடைய இடத்தில் அமரும். ஒரே அடியில் அவரை வெளியேற்றி நீங்கள் குடியேறுகிற அந்தச் சுகத்துக்காகவே நான் விடிய எழும்புகிறேன். தூரத்திலிருந்து பலமாக அடித்து அகற்றுவதில் எகிப்தியர்கள் பெயர்பெற்றவர்கள். உலகக் கோல்ஃப் குரோக்கே போட்டி 1996இல் தொடங்கியதிலிருந்து பல ஆண்டுகள் அவர்கள் கையே ஓங்கியிருந்தது.

எங்கள் ஊரின் காலநிலையோடு ஒத்துப்போகவேண்டும். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் நிலம் இறுகிப் பந்து விரைந்து ஓடும். காலை ஆறு மணிக்கும் பின்னேரம் ஐந்துக்குப் பிறகும்தான் ஆடலாம். மாரியில் மண் இளகி வளையம் ஆடும். மழை விட்டதும் கால்களைச் சுற்றி மண்ணை இடித்து இறுக்குங்கள். அறுகம்புல்லைக் கட்டையாக வெட்டி வைத்தால் போதும். கோட்டைப் பக்கத்து மான்கள் எங்கள் தெருவுக்கும் வருவதுண்டு. அவை புல்லை மேய்வதில் நட்டமில்லை. புழுக்கையைத்தான் ஆட்டத்துக்கு முன் கூட்டிவிடவேண்டும். சருகு, கல், புழுக்கை எல்லாவற்றையும் ஆட்டத்தின் நடுவிலும் அகற்ற விதி இடம் தருகிறது.

இங்கே நடுவர் எந்நேரமும் கூட நிற்கமாட்டார். மட்டை பந்தில் இரண்டு தரம் பட்டுவிட்டால் அடித்தவரே சொல்லவேண்டும். சந்தேகமான அடி என்றால் அடிப்பதற்கு முன்பே ஒருவரைப் பார்க்கக் கூப்பிடுங்கள். எதிராளி குறிபார்க்கையில் அவர் பார்வைக்குக் குறுக்கே நடக்காதீர்கள், உங்கள் நிழலும் விழவேண்டாம். இரட்டையர் ஆட்டத்தில் கூட்டாளியோடு தாராளமாகப் பேசலாம், பேசாதவர்கள் தோற்பார்கள். பலம் குறைவு என்று யாரையும் ஒதுக்கவேண்டிய ஆட்டமும் இதுவல்ல. ஒலிம்பிக்கில் பெண்கள் முதன்முதல் பங்கேற்ற 1900ஆம் ஆண்டில், அவர்கள் ஆடியவற்றுள் குரோக்கேயும் இருந்தது. விம்பிள்டன் கழகமே 1868இல் குரோக்கேக்காகத் தொடங்கப்பட்டது. டென்னிஸ் போட்டி அங்கே 1877இல்தான் வந்தது.

ஆறுக்கு ஆறு என்று வந்துவிட்டால் பதின்மூன்றாம் புள்ளிக்கு வடகிழக்கு மூலையிலுள்ள மூன்றாம் வளையத்துக்கே திரும்பவேண்டும். அங்கே அவசரப்பட்டுத் தூரத்திலிருந்து வளையத்துக்கு அடிக்காதீர்கள். தவறினால் பந்து பின்னால் போய் நின்றுவிடும், திரும்பி வரவே ஒரு முறை செலவாகும். இரண்டு யார் தூரத்தில், நேர்முன்னே, உங்கள் கூட்டாளி உங்களுக்குக் காவல் நிற்கக்கூடிய பக்கமாகப் பந்தை வையுங்கள். பிறகு வரிசையை எண்ணுங்கள்: அடுத்தது யார், அதற்கடுத்தது யார்.