'ஒரு குவார்ட்டர்தான் சார்': குடியை மூன்று கேள்வியில் அளப்பது எப்படி?

கல்லூரியில் புதிதாக ஆலோசகராகச் சேர்ந்தவர்களுக்காக எழுதுகிறேன். "குடிப்பியா?" என்று கேட்டால் "எப்பவாவது சார்" என்றுதான் பதில் வரும். அந்த 'எப்பவாவது'வுக்கு மார்க் போடுவதுதான் ஆடிட்-சி (AUDIT-C). உலக சுகாதார நிறுவனத்தின் 10 கேள்விப் படிவத்திலிருந்து முதல் 3 கேள்விகளை மட்டும் எடுத்தது.

முதலில் கதவைச் சாத்திவிட்டுத் தனியாகக் கேளுங்கள். பதில் வார்டனுக்குப் போகாது என்று சொல்லிவிடுங்கள். போகும் என்றால் கேட்கவே வேண்டாம்.

கேள்வி 1: எவ்வளவு அடிக்கடி? இல்லவே இல்லை 0, மாதம் ஒருமுறை அல்லது குறைவு 1, மாதம் 2-4 முறை 2, வாரம் 2-3 முறை 3, அதற்கு மேல் 4.

கேள்வி 2: குடிக்கும் நாளில் எத்தனை டிரிங்க்? 1-2 என்றால் 0, 3-4க்கு 1, 5-6க்கு 2, 7-9க்கு 3, 10 அல்லது அதற்கு மேல் 4.

கேள்வி 3: ஒரே நேரத்தில் 6 டிரிங்கோ அதற்கு மேலோ எத்தனை தடவை? இல்லை 0, மாதத்துக்கும் குறைவு 1, மாதாமாதம் 2, வாராவாரம் 3, தினமும் அல்லது கிட்டத்தட்ட தினமும் 4.

சறுக்குவது இரண்டாம் கேள்வியில்தான். இங்கே ஒரு டிரிங்க் என்றால் 10 கிராம் ஆல்கஹால். ஒரு கிளாஸ் அல்ல. 180 மில்லி குவார்ட்டரில், 42.8 சதவீதம் என்று கணக்குப் போட்டால், சுமார் 61 கிராம். அதாவது 6 டிரிங்க்! கட்டிங் என்றால் 3. 5 சதவீத பீர், 650 மில்லி பாட்டில் என்றால் இரண்டரை.

மாதம் இரண்டு முறை 'ஒண்ணே ஒண்ணு' அடிக்கும் பையனை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த 'ஒண்ணு' குவார்ட்டரா என்று கேட்காமல் எழுதினால் மொத்தம் 2. கேட்டு எழுதினால் 2+2+2, அதாவது 6. பொதுவாக ஆண்களுக்கு 4, பெண்களுக்கு 3 வந்தாலே கவனிக்க வேண்டும் என்பார்கள். இது நோய் முத்திரை அல்ல, பேச்சைத் தொடங்க ஒரு காரணம், அவ்வளவுதான்.

பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு இந்த எல்லை எண்கள் பொருந்தாது. 12 முதல் 21 வயது வரைக்கும் பாஸ்டனில் உருவான கிராஃப்ட் (CRAFFT) என்ற கேள்விப் படிவம் இருக்கிறது. 6 கேள்வியில் 2 'ஆமாம்' வந்தால் விரிவாகப் பேச வேண்டும். அதில் போதையில் இருப்பவர் ஓட்டிய காரில் போனாயா என்று ஒரு கேள்வி. நம் ஊரில் பைக்கையும் சேர்த்துக் கேளுங்கள்.

எண் கூடினால் திட்டாதீர்கள். அவன் கணக்கை அவனிடமே காட்டி, "இதைப் பார்த்தா உனக்கு என்ன தோணுது?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். மேலே பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416; தமிழிலேயே பேசலாம். காலையில் கை நடுங்குகிறது என்று சொன்னால் மட்டும், "உடனே நிறுத்து" என்று சொல்லாமல் மருத்துவரிடம் அனுப்பிவிடுங்கள். திடீர் நிறுத்தம் வலிப்பில் கொண்டுபோய் விடலாம்.