குழந்தைகள் இல்லம் தொடங்குகிறீர்களா? கட்டிலை எண்ணாதீர்கள்

வன்முறைக்கும் புறக்கணிப்புக்கும் ஆளாகும் பிள்ளைகளுக்கு ஒரு இல்லம் தொடங்க வேண்டும் என்று வருகிறவர்கள் பெரும்பாலும் நல்ல மனசுக்காரர்கள். ஆனால் நாங்களெல்லாம் ஆரம்பத்தில் தடுக்கி விழுந்த அதே இடங்களில்தான் அவர்களும் வந்து விழுகிறார்கள். கணக்கு எழுதுங்கள், சமையலறையைச் சுத்தமாக வையுங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அவற்றை விட்டுவிடுகிறேன்.

டிரஸ்ட் பதிவு போதும் என்று நினைப்பது

போதாது. டிரஸ்ட் பத்திரமும், நன்கொடையாளருக்கு வரிச்சலுகை தரும் 80ஜி சான்றிதழும் நன்கொடை வாங்கத்தான் உதவும். பிள்ளைகளைத் தங்க வைக்க, இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன் 41ஆம் பிரிவின்கீழ் தனிப் பதிவு வேண்டும். இல்லாவிட்டால் ஓராண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். 2014ஆம் ஆண்டு தமிழ்நாடு விடுதிகள், இல்லங்கள் சட்டத்தின்கீழ் வாங்கிய உரிமத்தைக் காட்டி, "இது இருக்கிறதே" என்பார்கள் சிலர். அது 41ஆம் பிரிவுப் பதிவுக்கு ஈடாகாது.

இவ்வளவு கெடுபிடி ஏன் என்று சலித்துக்கொள்கிறவர்களுக்கு ஒரு பழைய கதை. மாமல்லபுரத்தில் ஆதரவற்றோர் இல்லப் பிள்ளைகள் சுரண்டப்படுவதாக 2007-இல் ஒரு பத்திரிகைச் செய்தி வந்தது. அதை வைத்து உச்ச நீதிமன்றத்துக்கு எழுதிய கடிதம் வழக்காகி, 2017 மே மாதம் தீர்ப்பு வந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் நாட்டிலுள்ள எல்லா இல்லங்களையும் பதிவு செய்யச் சொன்னது நீதிமன்றம்.

கட்டடத்தைக் கட்டிவிட்டுப் பிள்ளை தேடுவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான்.

தென்மாவட்டம் ஒன்றில் புதிதாக ஒரு இல்லம். வாசலில் நன்கொடையாளர் பெயர் பொறித்த கிரானைட் கல், உள்ளே வரிசையாக இரண்டடுக்குக் கட்டில்கள். பதிவும் முறையாக வாங்கியிருந்தார்கள். ஆனால் பிள்ளையை எங்கே வைப்பது என்று முடிவெடுக்கும் மாவட்டக் குழந்தைகள் நலக் குழு அனுப்பிய பிள்ளைகள் கைவிரலில் எண்ணக்கூடிய அளவுதான். பொறுப்பாளர் எனக்குப் போன் செய்தார். "பெட் பாதி காலியா கிடக்குதுக்கா, டோனருக்கு என்ன சொல்றது?" காலியாக இருப்பது நல்ல செய்திதானே தம்பி என்றேன். சிரித்துவிட்டு வைத்துவிட்டார்.

அப்புறம் நடந்தது பின்னால்தான் தெரிந்தது. கல்யாண மண்டபம் கட்டியவர் முகூர்த்தத்துக்கு ஆள் பிடிப்பதுபோல, செங்கல் சூளைப் பக்கம் ஆள் அனுப்பியிருக்கிறார்கள். படிப்பு, சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் இலவசம் என்று நோட்டீஸ். புருஷனை இழந்த ஒரு பெண் மூன்று பிள்ளைகளையும் அனுப்பிவிட்டார். இருபது ரூபாய்ப் பத்திரத்தில் அவரிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். ஃபைலில் எழுதியிருந்த காரணம்: 'தாயின் புறக்கணிப்பு'. விடியுமுன் சூளைக்குப் போய்க் கல் அறுக்கிற பெண்ணை, பிள்ளைகளைக் கவனிக்காதவர் என்று எழுத எப்படி மனசு வந்தது?

சட்டப்படி பார்த்தாலும் அந்தப் பத்திரத்துக்கு மதிப்பில்லை. ஒரு தாய் பிள்ளையை ஒப்படைப்பதென்றாலும் குழந்தைகள் நலக் குழுவின் முன்தான் ஒப்படைக்க வேண்டும். அப்போதும் மனசு மாற இரண்டு மாதம் அவகாசம் தருகிறது 35ஆம் பிரிவு. பாதுகாப்பில்லாத பிள்ளை யார் கைக்கு வந்தாலும், பயண நேரம் போக, 24 மணி நேரத்துக்குள் குழுவின் முன் நிறுத்த வேண்டும். இங்கே குழுவுக்குத் தகவலே போகவில்லை. ஆய்வுக்கு வந்தவர்கள் கண்டுபிடித்த பிறகு பிள்ளைகளை வேறு இல்லங்களுக்கு மாற்றினார்கள். பையன் ஒரு ஊரில், அக்கா தங்கை இரண்டு பேரும் வேறொரு ஊரில். அம்மா இரண்டு ஊருக்கும் பஸ் ஏறி அலைந்தார். கூலி போனது, சூளையில் வாங்கிய முன்பணமும் அடையவில்லை.

அந்த வீட்டுக்குத் தேவைப்பட்டது கட்டில் இல்லை. மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில், வீட்டிலேயே வளரும் ஒரு பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் ஸ்பான்சர்ஷிப் உதவித்தொகை உண்டு. வருமான வரம்புக்குள் வரும் விதவைத் தாயின் பிள்ளைகள் அதற்குத் தகுதியானவர்கள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பம் எழுதிக் கொடுத்திருந்தாலே போதும். அதோடு, அவர் வேலையிலிருந்து திரும்பும்வரை பிள்ளைகள் பத்திரமாக இருக்கச் சூளைக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டு வீடு, நம்பகமான இரண்டு பெண்கள், மதியச் சோறு. இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழிதான் என்று சட்டத்தின் 3ஆம் பிரிவே சொல்கிறது. ஆனால் ஓட்டு வீட்டுக்கு கிரானைட் கல் வைக்க முடியாதே!

ஆகவே, கட்டடத்துக்கு என்று யாராவது பணம் தந்தால் உடனே வாங்காதீர்கள். அந்தப் பகுதியில் எந்தப் பிள்ளைக்கு எந்த நேரத்தில் ஆபத்து என்று முதலில் பாருங்கள். இரவில் தங்க இடம் தேவைப்படுகிற பிள்ளைகள் நீங்கள் நினைப்பதைவிடக் குறைவாகவே இருப்பார்கள். குடித்துவிட்டு அடிக்கிற அப்பா, தொந்தரவு செய்கிற உறவுக்காரன், இந்த மாதிரி வீட்டுக்குள்ளேயே ஆபத்து இருக்கிற பிள்ளைகள் அவர்கள். அந்த இடத்தை அவர்களுக்காகக் காலியாகவே வைத்திருங்கள்.

பிள்ளையிடம் ஆளாளுக்கு விசாரிப்பது

தனக்கு நடந்த கொடுமையை ஒரு பிள்ளை வாய்திறந்து சொன்னால், வார்டன் கேட்பார், சமையல்கார அம்மா கேட்பார், செயலாளர் கூப்பிட்டு உட்காரவைத்து மறுபடி கேட்பார். நான்காவது முறை பிள்ளை ஒரு வார்த்தையை மாற்றிச் சொன்னால், எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் பிடித்துக்கொள்வார். பிள்ளை தானாகச் சொன்னதை, அது சொன்ன வார்த்தையிலேயே, கேட்டவர் எழுதி வைத்தால் போதும். மேற்கொண்டு கேட்பது போலீஸ் வேலை. பாலியல் குற்றங்களிலிருந்து பிள்ளைகளைக் காக்கும் போக்சோ சட்டப்படி அந்த அதிகாரியே சீருடையில் வரக்கூடாது, பிள்ளை இருக்கும் இடத்துக்கு அவர்தான் வர வேண்டும். பிள்ளையை ஸ்டேஷனுக்கு இழுத்துக்கொண்டு போகாதீர்கள்.

புகார் நம் ஊழியர் மேல் என்றால் உள்விசாரணை

கூடவே கூடாது. அன்றைக்கே போலீசுக்குச் சொல்லுங்கள், குழந்தைகள் உதவி எண் 1098-க்கும் சொல்லுங்கள். பாலியல் புகாரை மறைத்தால் போக்சோ சட்டப்படி பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறை.

பிறந்தநாள் கேக் போட்டோ

நன்கொடையாளர் கேக் வெட்டி எடுக்கும் போட்டோவிலும் பிள்ளைகளின் முகம், பெயர், பள்ளி எதுவும் வெளியே போகக்கூடாது. நன்கொடையாளர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

18 வயதானதும் பையைக் கொடுத்து அனுப்புவது

இல்லத்தைவிட்டுப் போகிறவர்களுக்கு 21 வயதுவரை பின்பராமரிப்பு உதவி சட்டத்திலேயே இருக்கிறது. அதற்கு எழுதிப் போட மறந்துவிடுகிறார்கள். இன்னொன்று சாதிச் சான்றிதழ். கல்லூரிச் சேர்க்கை நேரத்தில் தாலுகா ஆபீசுக்கு ஓடினால் அப்பாவின் சான்றிதழைக் கேட்பார்கள், அப்பா எங்கே என்று யாருக்கும் தெரியாது. பிள்ளை ஆறாம் வகுப்புக்குப் போகும்போதே, ஊரில் சொந்தக்காரர்கள் இருக்கும்போதே, வாங்கி ஃபைலில் வைத்துவிடுங்கள். ஆதார், வங்கிக் கணக்கு வேலையையும் அப்போதே முடித்துவிடலாம்.