இன்வாய்ஸ் என்றால் என்ன, எப்படிப் போடுவது?

முதல்முதலில் ஒரு கம்பெனிக்கு லோகோ வரைந்து கொடுத்துவிட்டு, "சார், 8,000 ரூபாய்" என்று வாட்ஸ்அப்பில் போட்டேன். "இன்வாய்ஸ் அனுப்புங்க" என்றார்கள். எனக்குத் தெரிந்தது, முன்பே அனுப்பிய கொட்டேஷனை மறுபடியும் அனுப்புவதுதான். அது அக்கவுண்ட்ஸில் அப்படியே கிடந்தது, பணம் வர இரண்டு மாதம் ஆனது.

படி 1: எது எது என்று பிரித்துக்கொள்ளுங்கள். வேலைக்கு முன்னால் "இவ்வளவு ஆகும்" என்பது கொட்டேஷன். முடித்தபின் "இவ்வளவு தர வேண்டும்" என்று கேட்பது இன்வாய்ஸ். பணம் கைக்கு வந்தபின் "பெற்றுக்கொண்டேன்" என்பது ரசீது. எல்லாவற்றையும் 'பில்' என்றே சொல்லிப் பழகியதால் வரும் குழப்பம் இது. (வாய்ஸ் என்று முடிந்தாலும் குரலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, சரக்கு அனுப்புவதைக் குறித்த பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது.)

படி 2: தாளின் தலையில் 'இன்வாய்ஸ்' என்றே போடுங்கள். கீழே வரிசை எண், தேதி, இரு தரப்பின் பெயர், முகவரி, செய்த வேலை, தொகை, உங்கள் வங்கிக் கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி. அவர்கள் பிஓ நம்பர் (வேலையை ஒப்படைக்கும்போது கம்பெனி தரும் 'பர்ச்சேஸ் ஆர்டர்' எண்) கொடுத்திருந்தால் அதையும் மறக்காமல் எழுதுங்கள், அது இல்லையென்றால் இன்வாய்ஸ் திரும்பி வரலாம்.

ஜிஎஸ்டி பதிவு இருந்தால் தலைப்பு 'டாக்ஸ் இன்வாய்ஸ்', கூடவே உங்கள் 15 இலக்க ஜிஎஸ்டி எண், தமிழ்நாடு என்றால் அது 33 என்று தொடங்கும். 18 சதவீத வரி என்று வைத்துக்கொள்வோம்: சென்னையில் இருந்துகொண்டு கோயம்புத்தூர் கம்பெனிக்குப் போட்டால் சிஜிஎஸ்டி (மத்திய அரசுக்கு) 9, எஸ்ஜிஎஸ்டி (மாநில அரசுக்கு) 9 என்று இரண்டு வரி, பெங்களூருக்கு என்றால் ஐஜிஎஸ்டி (மாநிலம் விட்டு மாநிலம் போனால்) 18 என்று ஒரே வரி. பதிவே இல்லையா? அப்படியானால் ஜிஎஸ்டி என்று ஒரு பைசாகூட வசூலிக்கக் கூடாது.

படி 3: 'நெட் 30' என்று பேசியிருந்தால், பொதுவாக இன்வாய்ஸ் தேதியிலிருந்து 30 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று பொருள். நீங்கள் சோம்பேறித்தனமாகப் பத்து நாள் கழித்துப் போட்டால், அந்தப் பத்து நாள் உங்கள் தலையில்தான்.

படி 4: பேச்சில் இது வினையாகவும் வரும். "ஐ வில் இன்வாய்ஸ் யூ ஆன் ஃப்ரைடே" என்றால் வெள்ளிக்கிழமை இன்வாய்ஸ் அனுப்புகிறேன் என்று அர்த்தம். ஆபீஸில் "இன்வாய்ஸ் ரெய்ஸ் பண்ணியாச்சா?" என்பார்கள், போட்டாச்சா என்றுதான் கேட்கிறார்கள்.

அப்புறம், பணம் தாமதமானால் எண்ணையும் தேதியையும் சொல்லிக் கேளுங்கள். வெறுமனே "பேமென்ட் எப்போ சார்?" என்றால், "எந்த இன்வாய்ஸ்?" என்று நம்மையே திருப்பிக் கேட்பார்கள்.