வெனீர் ஒட்ட கிளாம்ப் வேண்டாம், இஸ்திரிப் பெட்டி போதும்

மரப்பெட்டிக்கு வெனீர் (அழகுக்காக மேலே ஒட்டும் மெல்லிய மரத்தகடு) ஒட்டும்போது, சாதாரண வெள்ளை ஃபெவிகாலைப் பெட்டியின் பக்கத்திலும் வெனீரின் பின்புறத்திலும் மெல்லிதாகத் தடவி, நிறம் மாறிக் கண்ணாடி போல் ஆகும்வரை காயவிடுங்கள். பிறகு வெனீரை வைத்து, மேலே பருத்தித் துணி போட்டு, நீராவி இல்லாமல் இஸ்திரி போட்டால் ஒட்டிக்கொள்ளும்.

இந்தப் பசை காய்ந்த பிறகும் சூட்டில் இளகும், ஆறியதும் இறுகும். அதனால் நடுவிலிருந்து ஓரத்துக்கு மெதுவாகத் தேய்த்து, இஸ்திரிப் பெட்டி நகர்ந்த இடத்தை உடனே ஒரு மரக்கட்டையால் அழுத்திப் பிடிக்க வேண்டும். பலர் விடுவது இதைத்தான். அழுத்தாமல் ஆறவிட்டால் வெனீர் மேலெழும்பும். நகத்தால் தட்டுங்கள். பொள்ளென்று கேட்கும் இடத்தில் மறுபடி சூடு காட்டினால் போதும்.

பசை தடவியதும் வெனீர் சுருளும். மறுபக்கம் லேசாகத் தண்ணீர் தெளித்தால் நிமிரும். ஒவ்வொரு ஓரத்திலும் 1 செ.மீ. கூடுதலாக விட்டு வெட்டி, ஒட்டி ஆறிய பின் புதுப் பிளேடால் சீவுங்கள். விளிம்பில் மட்டும் இரண்டு பூச்சு கொடுங்கள், பெட்டி எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) என்றால் அதன் ஓரம் பசையை உறிஞ்சிவிடும்.

இரண்டு வெனீர் துண்டுகளை அருகருகே சேர்த்து வடிவம் அமைப்பவர்களுக்கு இது சரிவராது: சூட்டில் ஈரம் வற்றி வெனீர் சுருங்க, இணைப்பில் இடைவெளி விழும். இரண்டு திரவங்களைக் கலந்து இறுகவைக்கும் எப்பாக்ஸி பசைக்கும் இம்முறை பொருந்தாது. தண்ணீர் தாங்கும் பசைகளில் சில சரியாக இளகாது என்பதால், முதலில் துண்டு மரத்தில் பாருங்கள்.